ஏ6700 வாங்கலாமா, ஏ7 ஃபோர் வாங்கலாமா? கூத்துக் களத்திலும் ஏரிக்கரையிலும் வைத்துப் பார்த்தேன்

வணக்கம் நண்பர்களே. மேசைமேல் இரண்டு கேமரா இருக்கிறது. உங்களுக்கு இடது பக்கம் தெரிவது சோனி ஏ6700, வலது பக்கம் சோனி ஏ7 ஃபோர். இரண்டும் மிரர்லெஸ், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத வகை. இரண்டுக்கும் லென்ஸ் மாட்டுகிற ஒரே ஈ மவுண்ட், ஒரே பேட்டரி, மெனுவும் ஏறக்குறைய ஒன்றுதான். ஏ7 ஃபோர் 2021 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது, ஏ6700 2023 ஜூலையில். இந்தியாவில் வெளியானபோது லென்ஸ் இல்லாமல் ஏ6700இன் விலை 1,37,000 ரூபாய்க்குப் பக்கம், ஏ7 ஃபோரின் விலை 2,42,000 ரூபாய்க்குப் பக்கம். ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம். அந்த ஒரு லட்சத்துக்கு நமக்கு என்ன கிடைக்கிறது என்பதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

லென்ஸைக் கழற்றிக் காட்டுகிறேன். ஃபேனை நிறுத்திவிட்டேன். நீங்களும் கழற்றும்போது அப்படிச் செய்யுங்கள், தூசி உள்ளே போனால் துடைப்பது பெரிய வேலை. சரி, இதுதான் ஏ6700இன் சென்சார், வெளிச்சத்தைப் படமாக மாற்றுகிற சில்லு. அகலம் 23.3 மி.மீ., உயரம் 15.5 மி.மீ. ஏபிஎஸ்-சி என்று சொல்வது இந்த அளவைத்தான். இப்போது ஏ7 ஃபோரைப் பாருங்கள். 35.9க்கு 23.9. பழைய 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு ஃப்ரேம் அளவு, அதனால்தான் ஃபுல் ஃப்ரேம். பரப்பளவாகக் கணக்குப் போட்டால் இது அதைவிட 2.3 மடங்குக்கு மேல் பெரியது.

இதைப் பார்த்தவுடன் "பெரிய சென்சார் அதிக வெளிச்சம் வாங்கும், அதனால் ஃபுல் ஃப்ரேம்தான் வாங்க வேண்டும்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கடையிலும் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வெளிச்சம் முதலில் லென்ஸ் வழியாக வந்தாக வேண்டும். லென்ஸ் உள்ளே விட்டால்தான் சென்சாருக்குக் கிடைக்கும். அதனால் பாடியோடு பாடியை, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவோடு கேமராவை, ஒப்பிடாதீர்கள். பாடியையும் லென்ஸையும் சேர்த்து ஒரு செட்டாக எடுத்து இன்னொரு செட்டோடு ஒப்பிடுங்கள்.

எப்படி என்று காட்டுகிறேன். ஏ6700இல் சிக்மா 18-50 எஃப் 2.8 லென்ஸ் போட்டிருக்கிறேன். 18-50 என்பது மி.மீ.இல் ஸூம் அளவு; எஃப் எண் குறையக் குறைய ஒளி நுழைகிற துவாரம் பெரிது. இதை 50இல் வைத்தால் கிடைக்கிற காட்சிப்பரப்பு, ஃபுல் ஃப்ரேமில் 75 மி.மீ. வைத்தால் கிடைப்பது. சின்ன சென்சார் காட்சியை ஓரம் வெட்டிக் காட்டுவதால் வருகிற இந்த 1.5 மடங்குதான் கிராப் ஃபேக்டர், இது பலருக்குத் தெரியும். ஆனால் அப்பர்ச்சரையும், அதாவது எஃப் எண்ணையும், அதே 1.5ஆல் பெருக்கிப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் விட்டுவிடுகிறார்கள். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2.8 என்றால் ஒளி நுழைகிற துவாரத்தின் விட்டம் கிட்டத்தட்ட 18 மி.மீ. அதுவே 75 மி.மீ. லென்ஸில் எஃப் 2.8 என்றால் கிட்டத்தட்ட 27 மி.மீ. இரண்டிலும் எழுதியிருப்பது 2.8தான், ஆனால் ஓட்டையின் அளவு வேறு. ஃபுல் ஃப்ரேமில் படம் சுத்தமாக இருப்பதற்கும், பின்னணி இன்னும் கொஞ்சம் கரைவதற்கும் அந்தப் பெரிய ஓட்டைதான் காரணம்.

இதைத் திருப்பிப் போட்டும் பாருங்கள். ஏ7 ஃபோர் வாங்கியவர்களில் நிறையப் பேர் அதோடு 24-105 எஃப் 4 லென்ஸ் வாங்குகிறார்கள். நல்ல லென்ஸ், குறை சொல்லவில்லை. ஆனால் ஏ6700இல் 18-50 எஃப் 2.8 என்பது ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 27-75, எஃப் 4.2. அதாவது இரண்டு செட்டும் சேகரிக்கிற மொத்த வெளிச்சம் ஏறக்குறைய ஒன்று. பின்னணி மங்கலும் ஏறக்குறைய ஒன்று. எடையைப் பார்த்தால் ஏ7 ஃபோர் 658 கிராம், அந்த லென்ஸ் 663 கிராம், சேர்த்து 1,321. இந்தப் பக்கம் 493ம் 290ம் சேர்ந்து 783. அரைக் கிலோவுக்கு மேல் கூடுதலாகத் தூக்கி, ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுத்து, 75க்கு மேல் 105 வரை போகிற ஸூமும் கொஞ்சம் கூடுதல் மெகாபிக்சலும் வாங்குகிறோம். அது உங்களுக்குத் தேவை என்றால் தாராளமாக வாங்குங்கள். இருட்டில் படம் நன்றாக வரும் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான்.

சரி, அப்படியானால் ஃபுல் ஃப்ரேம் எப்போது தன் வேலையைக் காட்டும்? இப்போது திரையில் வருகிற படங்களைப் பாருங்கள். தெருக்கூத்து. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுக்கு விடிய விடிய ஆடுகிற கூத்து. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது, அதனால் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

கூத்துக் களத்தில் வெளிச்சம் எப்படி இருக்கும் தெரியுமா? கம்பத்தில் கட்டிய இரண்டு மூன்று எல்இடி ஃபோகஸ் லைட், சில ஊர்களில் இன்னும் டியூப் லைட். வெளிச்சம் மேலிருந்து அடிப்பதால் கிரீடத்தின் நிழல் நேராகக் கண்மேல் விழும். துரியோதனன் வேஷக்காரர் கிரீடம், தோளில் புஜக்கீர்த்தி எல்லாம் கட்டிக்கொண்டு சுழன்று ஆடும்போது ஷட்டர் வேகத்தை 1/250 நொடியைவிட மெதுவாக வைத்தால் முகம் இழுபட்டுவிடும். கிரீடத்தில் பதித்திருக்கிற கண்ணாடித் துண்டுகள் ஒவ்வொன்றும் லைட்டை வாங்கிப் பளீரென்று அடிக்கும். அதை அடக்க எக்ஸ்போஷரைக் குறைத்தால் அரிதாரத்தின் சிவப்பு கறுத்துப்போகும். இப்படி ஓர் இடத்தில் எஃப் 2.8 வைத்து, 1/250 வைத்து, ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுகிற அளவை, 6400க்கு ஏற்றாமல் எடுக்கவே முடியாது.

இரண்டு படத்தையும் ஒரே ஐஎஸ்ஓவில் பக்கத்தில் வைக்கிறேன். இரண்டிலும் அதே ஃப்ரேமிங், எஃப் 2.8, 6400. ஏ6700 படத்தைப் பெரிதாக்குகிறேன். கன்னத்தைப் பாருங்கள். வேர்வை வழிந்து அரிதாரம் கோடு கோடாகப் பிரிந்திருக்கிறதே, அந்தக் கோடுகளுக்கு நடுவில் நாய்ஸ், அதாவது புள்ளி புள்ளியான சொரசொரப்பு, புகுந்துவிட்டது. எது வேர்வைத் தடம், எது நாய்ஸ் என்று பிரிப்பது சிரமம். நாய்ஸ் குறைக்கிற சாஃப்ட்வேரில் போட்டால் நாய்ஸோடு சேர்ந்து அந்தத் தடமும் போய்விடும், முகம் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். இப்போது ஏ7 ஃபோர். அந்தத் தடம் தெளிவாக நிற்கிறது. நெற்றியில் பொட்டின் ஓரம் கலைந்திருப்பதுகூடத் தெரிகிறது. சென்சார் அளவில் இருக்கும் வித்தியாசம் கணக்குப்படி ஒன்றேகால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). அதாவது ஏ7 ஃபோரில் 12800க்கு மேலே வைத்தால்தான் ஏ6700இன் 6400 அளவுக்கு நாய்ஸ் வரும். ராத்திரி முழுக்க உயிரைக் கொடுத்து ஆடுகிற ஒரு கலைஞரின் முகத்தை நாம் எடுக்கிறோம். அந்த ஒன்றேகால் ஸ்டாப் அங்கே பெரிய விஷயம், என்னைப் பொறுத்தவரை அந்த ஒரு லட்சமும் அதற்குத் தகும்.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? அந்த ஏ7 ஃபோரில் நான் போட்டிருந்தது எஃப் 4 லென்ஸ் இல்லை. டாம்ரான் 28-75 எஃப் 2.8, இரண்டாம் தலைமுறை, 540 கிராம். அந்த லென்ஸுக்கும் காசு ஒதுக்கினால்தான் இந்தக் கதை நடக்கும். பாடிக்கே முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு கேமராவோடு சேர்ந்து வருகிற ஒரு சாதாரண கிட் லென்ஸோடு கூத்துக் களத்துக்குப் போகிறவரைவிட, ஏ6700இல் சிக்மா 56 எஃப் 1.4 போட்டுப் போகிறவர் நல்ல படத்தோடு திரும்புவார். இதை நான் அடித்துச் சொல்வேன். அந்த 56 எஃப் 1.4, ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 84 மி.மீ., எஃப் 2.1. ஏ7 ஃபோரில் 85 எஃப் 1.8 போடுவதற்கும் இதற்கும் அரை ஸ்டாப்கூட வித்தியாசம் இல்லை. தனி ஆள் போர்ட்ரெய்ட் மட்டும்தான் உங்கள் வேலை என்றால் இந்த வீடியோவை இங்கேயே நிறுத்திவிட்டு ஏ6700 வாங்கிக்கொள்ளலாம்.

இடையில் ஒரு விஷயம். எல்இடி லைட் இருக்கிற இடத்தில் எலக்ட்ரானிக் ஷட்டர் வேண்டாம். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல லைட்டுகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். சென்சார் வரி வரியாகப் படிக்கும்போது அந்தத் துடிப்பு படத்தில் பட்டை பட்டையாக விழும். மெக்கானிக்கல் ஷட்டர் வையுங்கள். ஆன்டி ஃப்ளிக்கர் வசதி இரண்டு கேமராவிலும் இருக்கிறது, அதையும் ஆன் செய்துவிடுங்கள்.

அடுத்தது பறவை. இங்கே கதை அப்படியே தலைகீழ்.

வேடந்தாங்கல். நவம்பரிலிருந்து மார்ச் வரை சீசன். ஏரிக்கரையில் நின்றால் எதிரே தண்ணீருக்குள் நிற்கிற கடப்ப மரங்களில் நத்தைக்குத்தி நாரைகள் கூடு கட்டியிருக்கும். நாம் கரையைத் தாண்டி ஓர் அடிகூடக் கிட்டே போக முடியாது, போகவும் கூடாது. பறவை தூரம், லென்ஸ் ஒன்றுதான். சோனி 200-600ஐ முழுக்க நீட்டி, 600 மி.மீ., எஃப் 6.3. எந்த பாடியில் போட்டாலும் ஓட்டையின் விட்டம் 95 மி.மீ.தான். நாரையிலிருந்து லென்ஸுக்குள் வருகிற வெளிச்சம் இரண்டுக்கும் ஒன்றே. நாரையின் பிம்பம் சென்சார்மேல் விழுகிற அளவும் ஒன்றே. ஏ7 ஃபோரின் பெரிய சென்சாரில் மீதி இடம் முழுக்கத் தண்ணீரும் வானமும்தான் நிரம்பும், அதை நாம் வீட்டுக்கு வந்து வெட்டி எறியப் போகிறோம்.

வெட்டினால் என்ன மிஞ்சும்? ஏ7 ஃபோர் 33 மெகாபிக்சல். ஏபிஎஸ்-சி அளவுக்கு வெட்டினால் 14 மெகாபிக்சல் மிஞ்சும். ஏ6700இல் அதே பரப்புக்குள் 26 மெகாபிக்சல் இருக்கிறது. இந்தப் படத்தில் அலகைப் பாருங்கள். நத்தைக்குத்திக்கு மேல் அலகும் கீழ் அலகும் நடுவில் ஒட்டாமல் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி வழியாகப் பின்னால் இருக்கிற இலை தெரிகிறது, பாருங்கள். ஏ7 ஃபோரின் வெட்டிய படத்தில் அந்த இடம் ஒரு மங்கல் கோடு. ஏ6700இல் அலகின் உள்ஓரத்துச் சொரசொரப்பு வரைக்கும் வந்திருக்கிறது. மேலும் ஏ6700இல் பறவை, விலங்கு, பூச்சி என்று பிரித்து அடையாளம் காண்பதற்குத் தனி ஏஐ பிராசஸர் உண்டு. கிளைகளுக்கு நடுவில் கண்ணைப் பிடிப்பதில் அது கெட்டி.

2,115 கிராம் லென்ஸை ஏந்திக்கொண்டு நிற்கும்போது பாடியில் 165 கிராம் குறைவது பெரிதாகத் தெரியாது, அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் வியூஃபைண்டர் தெரியும். ஏ6700இல் 23.6 லட்சம் புள்ளி, ஏ7 ஃபோரில் 36.8 லட்சம். ஏ6700இன் வியூஃபைண்டர் சின்னது, ஓரத்தில் வேறு இருக்கிறது. காலை முழுக்க அதில் கண்ணை வைத்துக்கொண்டு நிற்பது சோர்வுதான். இருந்தும் பறவைக்கு நான் ஏ6700ஐத்தான் எடுத்துப் போவேன்.

வீடியோவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 4கே 60இல், அதாவது 4கே வீடியோவை நொடிக்கு 60 ஃப்ரேமில், எடுத்தால் ஏ7 ஃபோர் தானாகவே கிராப் ஆகி ஏபிஎஸ்-சி அளவுக்கு வந்துவிடும். ஃபுல் ஃப்ரேமுக்குக் காசு கொடுத்தும் அந்த இடத்தில் அது ஃபுல் ஃப்ரேம் இல்லை. 4கே 120 ஏ6700இல் உண்டு, கிராப் ஆகும். ஏ7 ஃபோரில் அது கிடையாது. ஸ்லோ மோஷன் அதிகம் எடுக்கிறவர்களுக்கு யோசிக்க வேறு எதுவும் இல்லை.

கல்யாணம் எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே சென்சாரைப் பற்றி நான் பேசவே போவதில்லை. ஏ6700இல் கார்டு ஸ்லாட் ஒன்று. ஏ7 ஃபோரில் இரண்டு. கெட்டிமேளம் கொட்டி, எல்லாரும் அட்சதை தூக்கிப் போடுகிற அந்தச் சில விநாடிகள் திரும்ப வராது. ஒரே கார்டை நம்பி அதை எடுக்காதீர்கள். அது அந்தக் குடும்பத்துக்கு நீங்கள் கொடுக்கிற மரியாதை. காசு வாங்கிக்கொண்டு போகிற வேலை என்றால் ஏ7 ஃபோர், அவ்வளவுதான்.

"இப்போதைக்கு ஏ6700, ஆனால் பின்னாடி ஃபுல் ஃப்ரேம் போவேன், அதனால் லென்ஸை மட்டும் ஃபுல் ஃப்ரேமாகவே வாங்கிக்கொள்கிறேன்" என்று ஒரு யோசனை பலருக்கு வருகிறது. மவுண்ட் ஒன்றுதான், பொருந்தும். ஆனால் 28-75ஐ ஏ6700இல் போட்டால் அது 42-112 போல நடந்துகொள்ளும். வீட்டுக்குள் நாலு பேரை நிற்கவைத்து எடுக்கச் சுவரோடு சுவராக ஒட்டி நிற்க வேண்டியிருக்கும். பின்னாடி வாங்கப்போகிற கேமராவுக்காக இன்றைக்குக் கையில் இருக்கிற கேமராவை முடமாக்காதீர்கள். தூரத்தைக் கிட்டே இழுக்கிற டெலி லென்ஸ் மட்டும் விதிவிலக்கு. 200-600 போன்றதை வாங்கினால் இரண்டிலும் முழுப் பலன் கிடைக்கும்.

இன்னமும் முடிவு வரவில்லை என்றால் இப்படிச் செய்யுங்கள். இரண்டையும் ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். நீங்கள் உண்மையிலேயே வாங்கக்கூடிய லென்ஸோடு எடுங்கள், கடைக்காரர் தருகிற விலை உயர்ந்த லென்ஸோடு வேண்டாம். நீங்கள் வழக்கமாக எடுக்கிற இடத்துக்குப் போய், அதே ஃப்ரேமிங், அதே ஷட்டர் வைத்து, இரண்டு லென்ஸையும் முழுக்கத் திறந்து எடுங்கள். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்க்காதீர்கள், மெகாபிக்சல் வேறு வேறு என்பதால் அது தப்பான ஒப்பீடு. இரண்டையும் 12க்கு 18 அங்குல பிரிண்ட் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். உங்கள் கண்ணுக்கு வித்தியாசம் தெரிந்தால் ஏ7 ஃபோருக்குப் பணம் சேருங்கள். தெரியவில்லை என்றால் ஏ6700ஐ வாங்கி, மிச்சப் பணத்தில் இன்னொரு நல்ல லென்ஸ் வாங்குங்கள்.

ஐஎஸ்ஓ 6400 கூத்துப் படங்களின் ரா ஃபைல்கள், அதாவது கேமரா பதிந்தபடியே இருக்கிற ஃபைல்கள், இரண்டையும் கீழே இணைப்பில் போட்டிருக்கிறேன். இறக்கி, உங்கள் சாஃப்ட்வேரில் போட்டுப் பாருங்கள். நன்றி, வணக்கம்.