வாளி நின்றது, நாங்கள் நகர்ந்தோம்

நேயர்களுக்கு வணக்கம்.

வெளியூரில் ருசித்த சாப்பாடு பற்றிக் கொஞ்ச நேரம் பேச முடியுமா என்று வானொலி நிலையத்திலிருந்து கேட்டார்கள். அமெரிக்காவில் பதினோரு வருஷம் இருந்தவள் என்பதால் பீட்ஸா, பர்கர் என்று ஏதாவது சொல்வேன் என நினைத்திருப்பார்கள். நான் பேசப்போவது வெண்டைக்காயைப் பற்றி. கூடவே தட்டப்பயறு, கீரை, சோள ரொட்டி. இதெல்லாம் அமெரிக்காவிலா என்று கேட்டால், ஆமாம், அமெரிக்காவில்தான். ஆனால் தெற்கே.

1983 ஆகஸ்ட் கடைசியில் ஹூஸ்டனில் போய் இறங்கினேன். கல்யாணமாகி ஏழு மாதம். வீட்டுக்காரர் அங்கே மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தார். அலிஷியா என்று ஒரு புயல் அடித்து ஓய்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. நகரத்தின் நடுவில் இருந்த உயரக் கட்டடங்களில் உடைந்த கண்ணாடிக்குப் பதிலாகப் பலகை அடித்து வைத்திருந்தார்கள். வெயிலோ பாளையங்கோட்டை வெயில், அதோடு சென்னைப் புழுக்கம். இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்றிருந்தது.

நான் பி.ஏ. படித்தவள். இங்கிலீஷ் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். டெக்சாஸ்காரர்கள் வாயைத் திறந்ததும் அந்த நினைப்பு போயிற்று. ஹோட்டலுக்குப் போனால் மெனு கார்டில் இருக்கிற பெயர் எதுவும் புரியாது. உருளைக்கிழங்கு கேட்டால், சுட்டதா, மசித்ததா, பொரித்ததா என்று திருப்பி மூன்று கேள்வி வரும். 'எனக்குப் பசியில்லை' என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து தயிர்சாதம் சாப்பிட்ட நாட்கள் உண்டு.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என்னை ஒரு கேஃபடீரியாவுக்குக் கூட்டிப்போனார்.

கேஃபடீரியா என்றதும் ஆபீஸ் கேண்டீனை நினைத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் அது குடும்பத்தோடு போகிற, கொஞ்சம் நல்ல உடை உடுத்திக்கொண்டு போகிற இடம். வாசலில் நுழைந்ததும் ஏசி குளிர் முகத்தில் அடிக்கும். ட்ரேக்களை அடுக்கி வைத்திருப்பார்கள். அப்போதுதான் கழுவி வந்ததால் வெதுவெதுப்பாக, அடியில் ஈரம் சொட்டிக்கொண்டு இருக்கும். துணி நாப்கினில் சுருட்டிய முள்கரண்டியும் கத்தியும் பக்கத்திலேயே இருக்கும். ட்ரேயை எஃகுக் குழாய்கள் பதித்த ஒரு மேடையில் வைத்துத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரிய பெரிய தட்டங்களில் சாப்பாடு. அடியில் கொதிக்கிற நீரின் ஆவி, மேலே சூட்டு விளக்கு. தலையில் வலை கட்டிய பெண்கள் கரண்டியோடு நிற்பார்கள். நம் பந்தியில் நாம் உட்கார்ந்திருப்போம், வாளி நகர்ந்து வரும். அங்கே வாளி ஒரே இடத்தில் நிற்கும், நாம்தான் நகர வேண்டும். நின்று யோசிக்க முடியாது, பின்னால் வருகிறவர் ட்ரே நம் ட்ரேயை இடிக்கும்.

எனக்கு அதில் பிடித்த விஷயம் ஒன்றுதான். கையைக் காட்டினால் போதும். பெயர் தெரிய வேண்டாம், உச்சரிப்பு வேண்டாம். கண்ணெதிரே இருப்பதைக் காட்டி, 'அது' என்றால் தட்டில் வந்துவிடும்.

அப்படிக் காட்டிக்கொண்டே போனவள் ஒரு தட்டத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். வட்ட வட்டமாக நறுக்கி, சோளமாவில் புரட்டி, பொன்னிறமாகப் பொரித்த வெண்டைக்காய். எண்ணெய் மினுங்கியது. அந்தப் பக்கம் நின்ற அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும், கறுப்பினப் பெண்மணி. "இது வேணுமா, ஹனி?" என்றார். ஊரை விட்டு வந்து மூன்று வாரமாகியிருந்தது. அதுவரை யாரும் என்னைத் தேனே என்று கூப்பிட்டதில்லை, கட்டிக்கொண்டவர் உள்பட. எங்கள் ஊரில் இதைக் கொல்லையில் போட்டிருப்போம் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். "அப்படியா!" என்று சிரித்துவிட்டு இன்னொரு கரண்டி அள்ளிப் போட்டார்.

வரிசையின் கடைசியில் கணக்குப் போடுகிற பெண் ஒரு சீட்டு அடித்துக் கொடுப்பாள். அதில் ஒரு கரண்டி வெண்டைக்காய்க்குத்தான் காசு இருந்தது.

அதன் பிறகு ஞாயிறு என்றால் அங்கேதான். படிப்புக்கு வரும் உதவித்தொகையில் ஏழெட்டு டாலருக்குள் இருவரும் சாப்பிட்டுவிடலாம். அந்த ஊரில் பெயர் போன லூபிஸ் கேஃபடீரியாவில் 'லூஆன் பிளாட்டர்' என்று ஒன்று உண்டு. கறியோ மீனோ பாதி அளவு, அதோடு இரண்டு காய், ஒரு ரொட்டி. வயதானவர்களும் மாணவர்களும் அதைத்தான் வாங்குவார்கள். சைவக்காரர்களுக்குக் காய்கறித் தட்டு: நான்கு காயும் சோள ரொட்டியும். ஆனால் சைவ நண்பர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தெற்கத்திச் சமையலில் கீரையைப் பன்றி எலும்போடு மணிக்கணக்கில் வேகவிடுவார்கள். பீன்ஸில் பேக்கன் என்கிற உப்பிட்ட பன்றிக்கறித் துண்டு ஒளிந்திருக்கும். அங்கே அது தாளிதம் மாதிரி, யாரும் கறியாகவே கணக்கில் எடுப்பதில்லை.

எனக்கும் ஒரு நாள் இப்படி ஆனது. 'சிக்கன் ஃப்ரைடு ஸ்டேக்' என்று எழுதியிருந்தது. சிக்கன் என்ற வார்த்தையைப் பார்த்துக் கையைக் காட்டினேன். மொறுமொறுவென்று மேல்மாவு, அதன் மேல் மிளகு தூவிய வெள்ளைக் குழம்பு. நன்றாகத்தான் இருந்தது. பாதி சாப்பிட்ட பிறகு அவர் மெதுவாக, "அது மாட்டுக்கறி, தெரியுமில்ல?" என்கிறார். கோழியைப் பொரிப்பது மாதிரி பொரித்த மாட்டுக்கறி என்று அதற்கு அர்த்தமாம். டெக்சாஸில் குடியேறிய ஜெர்மானியர்களின் கைப்பக்குவம் என்று சொல்வார்கள். "இதை முதலிலேயே சொல்லக்கூடாதா?" என்றேன். "நீ ரசிச்சுச் சாப்பிட்டியே" என்றார். அம்மா இருந்தவரை இதை அவளிடம் நான் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் ரேடியோவில் சொல்கிறேன்.

இன்னொரு வேடிக்கை, காய்கறி என்பதற்கு அவர்கள் வைத்திருந்த இலக்கணம். கறியும் மூன்று காயும் என்பது தெற்கே சாப்பாட்டுக்கடைக் கணக்கு. அந்தக் காய் வரிசையில் மக்ரோனியும் சீஸும் இருக்கும். கோதுமை மாவும் பாலாடைக்கட்டியும் எப்படிக் காயாகும் என்று யாரும் கேட்பதில்லை. சாலட் பக்கம் போனால் பச்சை நிற ஜெல்லிக்குள் கேரட் துருவல் மிதக்கும், அதுவும் சாலட்தான். ஒருமுறை லூசியானாவுக்குப் போனபோது பிக்கடில்லி கேஃபடீரியாவில் கேரட் சூஃப்ளே சாப்பிட்டேன். கேரட்டை வேகவைத்து மசித்து, சர்க்கரை, வெண்ணெய், முட்டை சேர்த்துச் சுடுவது. கேரட் அல்வாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. அதையும் காய் என்றுதான் தட்டில் வைத்தார்கள். எங்கள் வீட்டில் குழந்தைகள் காய் சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடித்தபோதெல்லாம் அந்த நாட்டைப் பொறாமையோடு நினைத்துக்கொள்வேன்.

இந்தக் கடைகளுக்கு நல்ல வயது உண்டு. அலபாமாவின் மொபீல் நகரத்தில் மாரிசன்ஸ் 1920இல் தொடங்கியது. பிக்கடில்லி 1944இல் பேட்டன் ரூஜில். லூபிஸ் 1947இல் சான் அன்டோனியோவில். ஹூஸ்டனில் எங்கள் பல்கலைக்கழகப் பக்கத்தில் கிளெபர்ன் கேஃபடீரியா, 1941இல் ஆரம்பித்தது. 1952 முதல் ஒரு கிரேக்கக் குடும்பத்தின் கையில். தெற்கே இப்படிப் பல கடைகளைக் கிரேக்கர்கள்தான் நடத்தினார்கள். உடுப்பிக்காரர்கள் சென்னைக்கு வந்து நமக்கே இட்லி போட்ட கதை மாதிரிதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியக் கூட்டத்தைப் பற்றி அங்கே ஒரு பழைய நகைச்சுவை உண்டு. பாப்டிஸ்ட் பாதிரியார் பிரசங்கத்தை நீட்டினால் சபையே நெளியுமாம். இன்னொரு கிறிஸ்தவ சபைக்காரர்களான மெத்தடிஸ்டுகள் முந்திக்கொண்டு கேஃபடீரியா வரிசையைப் பிடித்துவிடுவார்களே என்று. நாங்கள் எந்த சபையிலும் இல்லாததால் பதினொன்றரைக்கே போய்விடுவோம்.

அந்த நேரத்தில் வேறொரு கூட்டம் இருக்கும். தனியாக வருகிற வயதானவர்கள். ஒரு பாட்டியை இப்போதும் நினைவிருக்கிறது. முத்துமாலை, இஸ்திரி போட்ட கவுன், உதட்டுச் சாயம். ஜன்னலோர மேஜை. மீனில் பாதியைச் சாப்பிடுவார், தேங்காய் 'பை' என்கிற இனிப்பை முழுதாகச் சாப்பிடுவார், ரொட்டியை நாப்கினில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடிவிட்டுச் சுற்றும் முற்றும் பார்ப்பார். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் கண்ணடித்தார். ஹோட்டலில் தனியாக ஒரு மேஜையில் உட்கார்ந்து சர்வருக்காகக் காத்திருப்பது கஷ்டம். இங்கே ட்ரேயோடு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் வந்தவர்கள். தனியாக வந்தவரைத் தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது.

ஒரே வரிசை என்றேனே, அதற்கும் ஒரு கதை இருக்கிறது. அதைச் சொன்னவர் அந்த வெண்டைக்காய் அம்மாதான். கூட்டமில்லாத ஒரு மதியம் என் ட்ரேயைக் காட்டி, "நான் சின்னப் பெண்ணா இருந்தப்போ இதை நான் பிடிச்சிருக்க முடியாது, ஹனி. அடுப்படியில நிக்கலாம், அவ்வளவுதான்" என்றார். சமைத்தவர்கள் அவர்கள், உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் வெள்ளைக்காரர்கள். ஹூஸ்டனில் 1960 மார்ச் மாதம் டெக்சாஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தின் கறுப்பின மாணவர்கள் ஒரு கடையின் சாப்பாட்டு மேடையில் போய் உட்கார்ந்து போராடினார்கள். அதே ஆகஸ்டில் நகரத்தின் பல கடைகள் ஓசையில்லாமல் வழிவிட்டன. கலவரம் வருமோ என்று பயந்து, பத்திரிகைகள் அந்தச் செய்தியைச் சில நாட்கள் வெளியிடாமல் இருக்க ஒப்புக்கொண்டிருந்தன. வடக்கு கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் எஸ் அண்ட் டபிள்யூ கேஃபடீரியா வாசலில் 1963இல் மாணவர் கூட்டத்தை நடத்தியவர், பின்னாளில் கறுப்பின உரிமைத் தலைவரான ஜெஸ்ஸி ஜாக்சன். 1964இல் இந்தப் பாகுபாட்டைத் தடை செய்த சட்டம் வந்த பிறகுதான் எல்லாக் கதவும் திறந்தது. நம் ரயில் நிலையங்களில் பிராமணர்களுக்குத் தனிச் சாப்பாட்டு அறை இருந்ததைத் தாத்தா சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். அதனால் அவர் சொன்னது எனக்கு அந்நியமாக இல்லை, சங்கடமாகத்தான் இருந்தது.

வெண்டைக்காயும் தட்டப்பயறும் அங்கே போன கதையையும் பிற்பாடு தெரிந்துகொண்டேன். இரண்டும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களின் காலத்தில் போனவை. 'ஓக்ரா' என்ற பெயரே இக்போ மொழிச் சொல். புத்தாண்டு அன்று தட்டப்பயறும் கீரையும் கட்டாயம் சாப்பிடுவார்கள். பயறு சில்லறைக் காசுக்கு, கீரை டாலர் நோட்டுக்கு. தை முதல் நாள் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நாம் வைக்கிற கிழங்கும் மஞ்சளும் ஞாபகம் வரும் எனக்கு.

1994இல் ஊர் திரும்பிவிட்டோம். அதற்குப் பிறகு கேள்விப்பட்டதெல்லாம் மூடிய கதைகள். மாரிசன்ஸை 1998இல் பிக்கடில்லி வாங்கியது. அந்த பிக்கடில்லியே 2003இல் திவாலானது. டல்லாஸில் ஹைலண்ட் பார்க் கேஃபடீரியா என்று ஒன்று, 1925இலிருந்து இருந்தது. வரிசை நிற்கிற சுவர் நெடுக அமெரிக்க ஜனாதிபதிகளின் படம் மாட்டியிருக்கும்; வாஷிங்டனில் தொடங்கி நகர்ந்தால் வெண்டைக்காய் வந்துவிடும். அதைக் கொரோனா முடித்தது, 2020இல். அதே வருஷம் லூபிஸும் கடையை மூடப்போவதாக அறிவித்தது. மறுவருஷம் ஒருவர் வாங்கிக் காப்பாற்றினார். கிளெபர்ன் 2016இல் தீப்பிடித்து எரிந்தது, அடுத்த வருஷமே திரும்பக் கட்டித் திறந்துவிட்டார்கள். ஏன் குறைந்தன என்று கேட்டால் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். காலையிலிருந்து இருபது முப்பது பதார்த்தம் சமைத்துச் சூடாக வைத்திருக்க ஆள் வேண்டும். சாப்பிட வருகிறவருக்கு ஒரு மணி நேரம் வேண்டும். இரண்டும் இப்போது விலை கூடிவிட்டன. தேங்காய் 'பை'யை முழுதாகச் சாப்பிட்ட பாட்டிகளும் போய்விட்டார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளும் தெற்கேதான் இருக்கிறாள். என்ன பார்க்கணும்மா என்று கேட்டாள். கேஃபடீரியா என்றேன். பேத்தியும் வந்தாள். அவள் ட்ரேயில் மக்ரோனி, ஜெல்லி, ரொட்டி, 'பை'. "காய் எங்கேடி?" என்றால் மக்ரோனியைக் காட்டுகிறாள். சட்டப்படி அவள் சொன்னது சரிதான்.

வெண்டைக்காய்த் தட்டம் அதே இடத்தில் இருந்தது. கரண்டியோடு நின்றவன் கல்லூரி போகிற வயதுப் பையன். ஒரு கரண்டி போட்டான். நான் நகரவில்லை. பின்னால் ஒரு ட்ரே வந்து இடித்தது. என்னை ஏறிட்டுப் பார்த்தான். நானும் பார்த்தேன். இன்னொரு கரண்டி போட்டான்.

சீட்டில் இரண்டு கரண்டி வெண்டைக்காய்க்குக் காசு போட்டிருந்தது. கொடுத்துவிட்டு வந்தேன்.

வணக்கம்.