மக்காவுவில் இரண்டு நாள்: கேசினோவைத் தாண்டி என்ன பார்ப்பது?

[காட்சி: இரவில் ஒளிரும் கேசினோ கட்டடங்கள்]

வணக்கம். மக்காவு என்றதும் எல்லோருக்கும் கேசினோதான் ஞாபகம் வரும். 2006-லேயே சூதாட்ட வருமானத்தில் லாஸ் வேகாஸின் ஸ்ட்ரிப் வீதியை முந்திய சீனக் கடலோர ஊர் இது. ஆனால் இரண்டு நாள் லீவில் வருகிற பலர் ஹோட்டல்களுக்குள்ளேயே சுற்றிவிட்டுத் திரும்புவதைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கும். போர்ச்சுகீசியரும் சீனரும் நானூறு வருஷத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்த பழைய நகரம் அங்கே இருக்கிறது. 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அந்தப் பகுதியை ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம்.

[காட்சி: வரைபடம்]

ஊரின் அமைப்பு இதுதான். வடக்கே, சீன நிலத்தோடு ஒட்டிய தீபகற்பத்தில் பழைய நகரம். தெற்கே தைப்பா, கொலோன் தீவுகள். அந்த இரண்டு தீவுகளுக்கும் நடுவே கடலைத் தூர்த்து எடுத்த நிலம் கோட்டாய். பிரமாண்ட கேசினோக்கள் அங்கேதான். ஹாங்காங்கிலிருந்து ஃபெர்ரியில் சுமார் ஒரு மணி நேரம். 2018-ல் திறந்த கடல் பாலம் வழியாக பஸ்ஸிலும் வரலாம். இறங்கிய இடத்திலேயே கேசினோக்களின் இலவச பஸ்கள் நிற்கும்.

முதல் நாள் காலையிலேயே தீபகற்பத்தின் தென்முனைக்கு வந்துவிடுங்கள். கோட்டாயிலிருந்து ரயிலில் பார்ரா ஸ்டேஷனுக்கு வந்தால் ஆ-மா கோயில் பக்கம்தான். ஆ-மா கடலோடிகளைக் காக்கும் தெய்வம். போர்ச்சுகீசியர் 1557-ல் குடியேறும் முன்பே இந்தக் கோயில் இருந்தது. கூரையிலிருந்து பெரிய பெரிய சுருள் ஊதுபத்திகள் தொங்கும். வேண்டுதல் எழுதிய சீட்டு ஒவ்வொன்றிலும் ஆடும். அடியில் நின்றால் தோளில் சாம்பல் உதிரும், அண்ணாந்து பார்க்கும்போது கண் பத்திரம்.

அங்கிருந்து மேட்டில் ஏறினால் வளைவு வளைவாக வராந்தா வைத்த மஞ்சள் கட்டடம், மூரிஷ் பாராக்ஸ். 1874-ல் கோவாவிலிருந்து வரவழைத்த படைப்பிரிவு தங்குவதற்காகக் கட்டியது. அப்புறம் மாண்டரின் இல்லம். அறுபதுக்கு மேல் அறைகள் உள்ள சீன வீடு. அதன் ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதிலாகச் சிப்பித் தகடு பதித்திருப்பதை நின்று பாருங்கள்.

கொஞ்சம் தள்ளி, 1758-ல் கட்டி முடித்த புனித சூசையப்பர் ஆலயம். நம்மவர்கள் இதை விட்டுவிடவே கூடாது. 1540-களில் முத்துக்குளித்துறைக் கடலோரம் முழுக்க நடந்தாரே சவேரியார், அவருடைய கை எலும்பு ஒன்றை இங்கே வைத்திருக்கிறார்கள். அவர் 1552-ல் இறந்தது மக்காவுக்குத் தென்மேற்கே உள்ள ஒரு தீவில்தான். உடல் கோவாவில் இருக்கிறது.

[காட்சி: புனித பவுல் ஆலயத்தின் முகப்பு, மெதுவாக மேலிருந்து கீழே]

செனாடோ சதுக்கத்தின் கறுப்பு வெள்ளை அலைத்தரையைக் கடந்து, கூட்டத்தோடு கூட்டமாக மேலே போனால் புனித பவுல் ஆலயம். 1640-ல் முடிந்த கோயில், 1835-ல் புயலின்போது பிடித்த தீயில் அழிந்தது. முகப்புச் சுவரும் படிக்கட்டும்தான் மிச்சம். இந்த இடத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஜப்பானிலிருந்து அடைக்கலம் தேடி வந்த கிறிஸ்தவச் சிற்பிகளும் சீனச் சிற்பிகளும் செதுக்கிய சுவர் இது. ஏழு தலைப் பாம்பை மாதா மிதிக்கிறார், பக்கத்தில் சீன எழுத்து. இன்னொரு பக்கம் போர்ச்சுகீசியப் பாய்மரக் கப்பல். ஓரங்களில் சீனச் சிங்கங்கள். பெரும்பாலானவர்கள் படியில் நின்று போட்டோ எடுத்துவிட்டு அப்படியே இறங்கிவிடுகிறார்கள். நீங்கள் சுவருக்குப் பின்னால் போங்கள். ஜப்பானிலும் வியட்நாமிலும் மறைசாட்சிகளாக இறந்தவர்களின் எலும்புகள் நிலவறையில் இருக்கின்றன. வெளியே வந்தால், சுவரை ஒட்டியே, நா-ச்சா என்ற சீனக் கடவுளுக்கு 1888-ல் கட்டிய குட்டிக் கோயில்.

சரி, கேசினோ? ராத்திரி ஒரு இரண்டு மணி நேரம் போதும். விளையாட்டுக் கூடத்துக்குள் 21 வயது ஆனவர்களைத்தான் விடுவார்கள்; பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும், உள்ளே போட்டோ எடுக்காதீர்கள். குழந்தைகளோடு வந்தால் 2007-ல் திறந்த வெனிஷியன் கேசினோ ஹோட்டலில் உட்புறக் கால்வாயைச் சும்மாவே சுற்றிப் பார்க்கலாம்.

இரண்டாம் நாள் கொலோன். சின்ன மீனவ கிராமம், கடலோரம் ஒரு சர்ச். 1989-ல் ஆண்ட்ரூ ஸ்டோ என்ற ஆங்கிலேயர் தொடங்கிய பேக்கரியும் இங்கேதான். மக்காவு முட்டை டார்ட் பிரபலமானது அவரால்தான். மேலே அங்கங்கே கருகி, உள்ளே தளதளவென்று இருக்கும். சூடாக இருக்கும்போதே சாப்பிட்டுவிடுங்கள்.

டவுன் பஸ்ஸுக்கு 6 பட்டாக்கா (மக்காவு பணம்), மீதி தரமாட்டார்கள், சில்லறை வேண்டும். ஹாங்காங் டாலரும் எல்லா இடத்திலும் செல்லும். ஆனால் பட்டாக்காவை ஹாங்காங் கடைகளில் வாங்கமாட்டார்கள், அதனால் கிளம்பும் முன் செலவழித்துவிடுங்கள்.