தாச்சி மீனுக்குச் சின்னவிரல் இரை

வணக்கம்.

சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடிக்க வேண்டும் என்று ஊரில் சொல்வார்கள். சிறு வயதிலிருந்தே காதில் விழுந்த பேச்சு. ஆனால் சிம்கோ ஏரியில் ஐஸுக்கு மேல் இருந்து தூண்டில் போடத் தொடங்கிய முதல் இரண்டு மாரியும், அதில் வரும் 'சின்ன' என்ற சொல் என் மண்டைக்குள் ஏறவே இல்லை. மூன்று அங்குல றப்பர் புழுவை முள்ளில் கொளுவிக்கொண்டு, விரல் விறைக்க விறைக்க இருந்துவிட்டு, வெறுங்கையோடு ரொறன்ரோவுக்குத் திரும்பியவன் நான். அதனால் இன்றைக்கு இரையின் அளவைப் பற்றி மட்டும் பேசுகிறேன். நிறத்தைப் பற்றி வேறு யாரையாவது கூப்பிட்டுக் கேளுங்கள், அது முடியாத சண்டை.

பான்ஃபிஷ் என்று இங்கே சொல்வது ஒரு மீனை அல்ல, ஒரு கூட்டத்தை. மஞ்சள் உடம்பில் கரும்பட்டை போட்ட பேர்ச், வட்டத் தட்டுப்போல இருக்கும் புளூகில், பம்ப்கின்சீட், புள்ளி விழுந்த கிராப்பி. எல்லாம் முழுசாகப் பொரிக்கிற தாச்சிக்குள் அடங்கும் மீன்கள். 'பான்' என்றால் தாச்சி, பெயரும் அதனால்தான். எங்கள் வீட்டில் தாச்சி மீன் என்றே சொல்கிறோம்.

எனக்கு அறிவு வந்தது ஏரியில் அல்ல, குசினியில். எப்படியோ அகப்பட்ட நாலு பேர்ச்சை மாமி வெட்டிக்கொண்டிருந்தார். பருத்தித்துறைக்காரி, மீனைப் பற்றி அவவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஒரு மீனின் வயிற்றைக் கீறிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இஞ்ச வாரும். இது தின்னுற சாமானைப் பாரும். நீர் போடுற சாமானையும் பாரும்."

உள்ளே சிவப்பு நூலை நறுக்கிப் போட்டதுபோலக் கொஞ்சப் புழுக்கள். சேற்றில் வாழும் ஒரு வகைக் கொசுப்பூச்சியின் குடம்பிகள் அவை. கடிக்காத கொசு. ஒவ்வொன்றும் அரை அங்குலம்கூட இல்லை. நான் போட்டதோ அதைவிட ஆறு மடங்கு நீளம், தடிப்பைச் சொல்லவே வேண்டாம்.

மாரியில் மீன் ஏன் இவ்வளவு சின்னச் சாப்பாட்டோடு நின்றுவிடுகிறது? தண்ணீர் 4 பாகை செல்சியஸில்தான் ஆகக் கூடிய அடர்த்தியோடு இருக்கும். அதனால் மேலே ஐஸ் பிடித்திருக்க, அந்த 4 பாகைத் தண்ணீர் அடியில் போய்த் தங்கும். மீனுக்கு நம்மைப்போல உடம்புச் சூடு கிடையாது, தண்ணீரின் குளிர்தான் அதன் குளிரும். சமிபாடு மெதுவாகும், பசி குறையும், துரத்திப் பிடிக்கிற எண்ணமும் குறையும். கிட்ட வருவதை வாயைத் திறந்து தண்ணீரோடு உறிஞ்சும், பிடிக்காவிட்டால் அதே வேகத்தில் துப்பிவிடும். புளூகிலின் வாய் ஒரு சட்டைப் பொத்தான் அளவு. நீளமான புழுவென்றால் வால் மட்டும் உள்ளே போகும், முள் வெளியே நிற்கும். மேலே இருப்பவருக்கு ஒரு சின்னத் தட்டு தெரியும். இழுப்பார், ஒன்றும் இராது.

வானொலியில் அளவைக் கையால் காட்ட முடியாது. ஆகவே உங்கள் சின்னவிரலைப் பாருங்கள். நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஏறத்தாழ ஓர் அங்குலம். ஐஸுக்குக் கீழே புளூகிலுக்கு அதுதான் மேல் எல்லை, முக்கால் அங்குலம் இன்னும் நல்லது. பேர்ச்சுக்கும் கிராப்பிக்கும் ஒன்று முதல் ஒன்றரை அங்குலம். ஏப்ரலில் ஐஸ் போய்க் கரைத் தண்ணீர் சூடேறத் தொடங்கும்போது இரண்டு அங்குலத்துக்குப் போகலாம். கிராப்பியின் வாய் அகலம், குஞ்சு மீனை விழுங்கப் பழகியது. ஆனால் அந்த வாயின் தோல் கடதாசி மாதிரி, வெட்டி இழுத்தால் கிழிந்துவிடும்.

நீளத்தைவிட நான் பார்ப்பது தடிப்பை. ஒன்றரை அங்குலத்தில் ஊசிபோல மெலிந்த வால் உள்ள புழு, ஓர் அங்குலக் கொழுத்த புழுவைவிட மீனுக்குச் சின்னதாகத்தான் தெரியும் என்பது என் அனுபவம். மெல்லிய வாலுக்கு இன்னொரு வசதி: தடியை நீங்கள் அசைக்காவிட்டாலும் அது தானாக நடுங்கும். துடுப்புப்போல அகன்ற வால் அப்படியல்ல, இழுத்தால்தான் ஆடும். குளிர் தண்ணீரில் யார் அவ்வளவு இழுக்கப் போகிறார்கள்? கடையில் வாங்கும்போது ஒரு முனையைப் பிடித்து மெதுவாக ஊதிப் பாருங்கள். மூச்சுக்கு வால் துடித்தால் எடுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

றப்பர் என்று வாய்க்கு வந்தபடி சொல்கிறோமே தவிர, பெரும்பாலானவை எண்ணெய் போன்ற திரவம் சேர்த்து மென்மையாக்கிய பிவிசி பிளாஸ்டிக். குளிரில் அது விறைக்கும். ஐஸ் மேல் வைத்த பையை எடுத்துப் பார்த்தால் புழு ஈர்க்குச்சி மாதிரி நிற்கும். பையை உள் சட்டைப் பொக்கற்றில் வைத்திருப்பது என் பழக்கம். வேறு வகைப் பிளாஸ்டிக் புழுக்களோடு கலந்து ஒரே பெட்டிக்குள் போட்டுவிடவும் வேண்டாம். சில வகைகள் ஒன்றோடொன்று பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். நான் அப்படி ஒரு பெட்டியையே எறிந்திருக்கிறேன்.

இரை சின்னதானால் இன்னொரு சிக்கல் வரும், பாரம். புழுவைக் குத்தும் ஜிக்கின், அதாவது பாரத் தலை வைத்த முள்ளின் எடை 1/64 அவுன்ஸ், அதாவது அரைக் கிராமுக்கும் குறைவு என்றால், ஆழத் தண்ணீரில் அது இறங்கி முடிவதற்குள் தேநீர் ஆறிவிடும். சிம்கோவின் குடாக்களில் குக்ஸ் பே பக்கம் ஆழம் குறைவு, சமாளிக்கலாம். கெம்பன்ஃபெல்ட் பே 40 மீற்றருக்கு மேல் போகிறது. அங்கே டங்ஸ்டன் என்ற உலோகத்தில் செய்த ஜிக்தான் சரி. ஈயத்தின் அடர்த்தி 11.3, டங்ஸ்டனுடையது 19.3. அதே பருமனில் ஏறத்தாழ 1.7 மடங்கு பாரம் கிடைக்கிறது. விலை கூடத்தான். ஆனால் கடுகு பெருத்த மாதிரி ஒரு தலையோடு விறுவிறென்று இறங்கும், நூலும் இறுகி நிற்கும், மீன் தொடுவது கைக்குத் தெரியும். முள்ளுக்கு இலக்கம் கூடக்கூட அளவு குறையும், அதை மறந்துவிடாதீர்கள். ஓர் அங்குலப் புழுவுக்கு 10 அல்லது 12, இரண்டு அங்குலத்துக்கு 6 அல்லது 8.

இனி என் பேச்சை நானே மறுக்க வேண்டிய இடம். சிம்கோவில் பேர்ச்சுக்கு எமரால்ட் ஷைனர் என்ற வெள்ளிக் குஞ்சு மீன் மிகவும் பிடிக்கும். கூட்டமாக வந்து, ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு அதைத் தின்கிற நாள்களும் உண்டு. அந்த நாளில் இரண்டு அங்குலமே நல்லது, சின்னதைப் போட்டால் சின்ன மீன்தான் முதலில் ஓடிவரும். இது எந்த நாள் என்று கண்டுபிடிக்க நான் செய்வது இதுதான். தண்ணீரை வடிகட்டித் தின்னும் சீப்ரா மட்டி வந்த பிறகு ஏரித் தண்ணீர் நன்றாகத் தெளிந்துவிட்டது. ஆழமில்லாத இடத்தில் கூடாரத்தின் இருட்டுக்குள் குப்புறப் படுத்து, துளைக்குள் பார்த்தால் அடி தெரியும். பெரிய இரையோடு தொடங்குவேன். பேர்ச் வரும், ஒரு சாண் தூரத்தில் நிற்கும், பார்க்கும், திரும்பிவிடும். இரண்டு தடவை அப்படித் திரும்பினால் கத்தரிக்கோலை எடுத்து அதே புழுவைத் தலைப்பக்கம் பாதியாக நறுக்குவேன். வாலை நறுக்கக்கூடாது, உயிர் அங்கேதான் இருக்கிறது. பல நாள் அந்த ஒரு வெட்டுக்குப் பிறகுதான் முதல் மீன் மேலே வந்திருக்கிறது.

வெட்டின துண்டையும் கிழிந்த புழுவையும் துளைக்குள் தட்டிவிட வேண்டாம். மீன் விழுங்கினால் அதன் வயிற்றிலேயே தங்கிவிடும். நான் ஒரு பழைய மருந்துப் போத்தலில் சேர்த்துக்கொண்டு வருவேன். ஐஸுக்குப் போக முன்னர் தடிப்பையும் பாருங்கள். நடந்து போவதென்றாலும் தெளிந்த நீல ஐஸ் குறைந்தது 10 சென்ரிமீற்றர் வேண்டும், வெள்ளை ஐஸ் என்றால் அதன் இரட்டிப்பு.

மாமி இன்னமும் வெட்டிய மீனின் வயிற்றைக் காட்டாமல் எறிவதில்லை. போன கிழமை சிவப்புப் புழு இல்லை, ஒரு முழு ஷைனர் இருந்தது. வருகிற சனிக்கிழமை இரண்டு அங்குலத்தோடு போகிறேன்.

நன்றி, வணக்கம்.