கடைசி வரிசையில் ஒரு நாற்காலி

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

சேலத்தில் முப்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலாகக் கல்லூரி மாணவர்களுக்கு வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். மாணவர் தேர்ச்சியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மாணவர்களைப் பற்றியே பேசுகிறோம். அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியருக்கு யார் துணை என்ற கேள்வியை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

தொடக்கப் பள்ளியில் கூட்டல் கழித்தல் சொல்லிக் கொடுப்பவர் ஆசிரியர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவர் பி.எட். முடித்திருக்க வேண்டும். கல்லூரி ஆசிரியருக்கோ முதுகலைப் பட்டமும், அதோடு நெட் அல்லது செட் எனப்படும் தேசிய, மாநிலத் தகுதித் தேர்வுகளில் ஒன்றில் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ இருந்தால் போதும். நெட் தேர்வின் முதல் தாளில் கற்பிக்கும் திறன் குறித்துச் சில வினாக்கள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் நான்கு விடைகளில் ஒன்றைக் குறிப்பதும், எழுபது மாணவர்கள் முன் சாக்பீஸைக் கையில் பிடித்து நிற்பதும் ஒன்றல்ல. எனக்கு யார் பாடம் எடுத்தார்களோ அவர்களைப் பார்த்துத்தான் நானும் எடுத்தேன். அவர்கள் வேகமாக எழுதினார்கள். நானும் வேகமாக எழுதினேன்.

அரசு இதைக் கவனிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்கவென்றே அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்களைப் பல்கலைக்கழக மானியக் குழு நாடெங்கும் தொடங்கியது. பின்னர் மனிதவள மேம்பாட்டு மையங்கள் எனப் பெயர் மாறிய அவை, 2023 முதல் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்களாக இயங்குகின்றன. ஓரியண்டேஷன் என்ற நான்கு வார அறிமுகப் பயிற்சிக்கும் ரெஃப்ரஷர் என்ற மூன்று வாரப் புத்தாக்கப் பயிற்சிக்கும் நானும் போய் வந்தேன். நல்ல உரைகளைக் கேட்டேன், நல்ல நண்பர்களைப் பெற்றேன். சான்றிதழ் பதவி உயர்வுக்கும் உதவியது. ஆனால் திரும்பி வந்த மறுநாள், அதே வகுப்பறையில், அதே கரும்பலகையின் முன் நான் தனியாகத்தான் நின்றேன்.

அந்தத் தனிமை நீங்கியது என் பணியின் இருபதாம் ஆண்டில். தமிழ்த்துறையில் புதிதாகச் சேர்ந்திருந்த ஓர் இளம் ஆசிரியை, "மேடம், உங்கள் வகுப்பில் ஒருநாள் உட்காரலாமா? பெரியவர்கள் எப்படி எடுக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும்" என்று கேட்டார். கடைசி வரிசையில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தேன். முதலாண்டு மாணவர்களுக்கு அன்று மோல் பற்றிய பாடம்; அணுக்களையும் மூலக்கூறுகளையும் எண்ணிக் கணக்கிட வேதியியலில் பயன்படும் அலகு அது. வகுப்பு முடிந்து, ஓய்வறையில் தேநீர் ஆறிக்கொண்டிருக்க, அவர் நெடுநேரம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "மேடம், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் பதினொரு கேள்விகள் கேட்டீர்கள். ஒன்பதுக்கு நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள்."

எனக்குச் சுருக்கென்றது. இருபது ஆண்டுகளாக என் மாணவர்கள் வாய் திறக்காததற்கு அவர்களுடைய கூச்சமே காரணம் என்று நான் நம்பியிருந்தேன்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் பள்ளி அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து 1970-களில் எழுதியதைப் பிறகுதான் படித்தேன். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு நொடி அளவே என்பதும், அதை மூன்று நொடிகளுக்கு மேல் நீட்டினால் மாணவர்களின் விடைகள் நீள்கின்றன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசத் தொடங்குகிறார்கள் என்பதும் அவர் கண்டவை. மூன்று நொடிகள் எளிதாகத் தோன்றும். வகுப்பின் முன் நின்று பாருங்கள், அது எவ்வளவு நீளமானது என்று தெரியும். கேள்வி கேட்டதும் மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணப் பழகவே எனக்கு ஒரு பருவம் ஆயிற்று.

அந்த ஆசிரியை சொல்லித்தான் இன்னொன்றையும் தொடங்கினேன். வகுப்பின் கடைசி மூன்று நிமிடங்களில் அரைத்தாளில், பெயர் எழுதாமல், இன்று புரியாதது எது என்று எழுதித் தரச் சொன்னேன். முதல்நாள் வந்தவற்றுள் பாதிக்கு மேல் ஒரே செய்தி: "மோல் என்றால் என்ன என்றே தெரியவில்லை." பதினோராம் வகுப்பிலேயே படித்துவிட்டு வந்த பாடம் அது. தமிழ்வழியில் படித்து, ஆங்கிலத்தில் பாடம் கேட்கத் தொடங்கிய பிள்ளைகள் அவர்களில் பலர். வரையறையை எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பார்கள். மறுநாள் கருப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தியை வெள்ளைக்கல் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னேன். சேலத்துக்காரர்கள் வெள்ளைக்கல் என்று சொல்லும் மேக்னசைட், மக்னீசியம் கார்பனேட்தான். அதில் ஒரு மோல் என்பது 84 கிராம்; சூளையில் சுட்டால் ஒரு மோல் கரியமில வாயு, அதாவது 44 கிராம், போய்விடும், ஒரு மோல் மக்னீசியம் ஆக்சைடு, அதாவது 40 கிராம், மிஞ்சும். அந்த ஆக்சைடில்தான் எஃகு உலைகளின் உட்சுவருக்குச் செங்கல் செய்கிறார்கள். "எங்க அப்பா வேலை செய்யும் சூளையிலும் கல் எடை குறையும் மேடம், ஏனென்று இப்போதுதான் தெரிகிறது" என்றாள் அவள். மோல் அன்றைக்குத்தான் அந்த வகுப்புக்குள் வந்தது.

இதைச் செய்ய எனக்குப் புதிய பட்டம் தேவைப்படவில்லை. என் வகுப்பைப் பரிவோடு பார்த்து, பார்த்ததைச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டார். அது தற்செயலாகக் கிடைத்தது. தற்செயலுக்கு விடாமல் அதை ஏற்பாடாகவே செய்துவைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1962-லேயே இதற்கென ஒரு மையத்தைத் தொடங்கியது. இத்தகைய மையங்களைச் சேர்ந்தவர் பருவத்தின் நடுவில் வகுப்புக்கு வருவார்; ஆசிரியர் வெளியே போய்விட, மாணவர்களிடம் எது உதவுகிறது, எது தடுக்கிறது என்று கேட்டு, ஆசிரியரிடம் மட்டும் சொல்வார். நம் கல்லூரிகளிலும் மாணவர் கருத்துப் படிவம் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் பருவ முடிவில் வருகிறது; நிரப்பிய மாணவனுக்கு அதனால் பயன் இல்லை, தர மதிப்பீட்டுக் கோப்புக்கே பயன்.

ஆகவே நான் கேட்பது பெரிய கட்டடத்தை அல்ல. ஒவ்வொரு கல்லூரியிலும் வாரத்தில் ஒரு மணி நேரம், துறை வேறுபாடின்றி ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பை மற்றவர் பார்க்கக் கால அட்டவணையிலேயே இடம் வேண்டும். அங்கே குறித்தது எதுவும் முதல்வர் மேசைக்கோ பணிப் பதிவேட்டுக்கோ போகக் கூடாது. போகும் என்ற அச்சம் வந்துவிட்டால் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். கௌரவ விரிவுரையாளர்களைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். நிரந்தரப் பணி இல்லாமலே பல கல்லூரிகளில் முதலாண்டு வகுப்புகளைச் சுமப்பவர்கள் அவர்கள், ஆனால் அவர்களுடைய வளர்ச்சிக்கு நாம் ஒதுக்கும் நேரம் மிகக் குறைவு.

இன்னொரு பயனும் உண்டு. ஆசிரியர்கள் கூடிப் பேசும் இடத்தில்தான் மாணவன் முழுதாகத் தெரிகிறான். முதல் மணியில் என் வகுப்பில் தூங்கிவிழுந்த ஒருவன், இரவெல்லாம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிறான் என்பதைக் கணிதத்துறை நண்பர் சொல்லித்தான் அறிந்தேன். ஏற்காட்டு மலைக் கிராமத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வருபவள், முதல் பேருந்து தவறினால் முதல் மணியை இழக்கிறாள் என்பதும் அப்படித்தான் தெரிந்தது. ஆய்வக வகுப்பைப் பிற்பகலுக்கு மாற்றினோம். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

அந்தத் தமிழாசிரியை தம் வகுப்புக்கும் என்னை அழைத்தார். புணர்ச்சி விதிகள் நடத்தினார். கடைசி வரிசை நாற்காலியில் மாணவியைப் போல நோட்டோடு அமர்ந்திருந்த எனக்குப் பதினைந்தாவது நிமிடத்தில் பிடி நழுவியது; எந்த இடத்தில் நழுவியது என்று குறித்துக்கொண்டேன். தேநீர் வேளையில் அந்தக் குறிப்பைக் கொடுத்தேன். "அந்த இடத்தில் பிள்ளைகள் எல்லாருமே தலையாட்டினார்களே மேடம்" என்றார் அவர். நானும் தலையாட்டியவர்களில் ஒருத்தி என்றேன். மறுநாள் அந்தப் பகுதியை அவர் மீண்டும் முதலிலிருந்து நடத்தினார்.

நன்றி, வணக்கம்.