ஐந்து பிள்ளைகளைத் தேடிப் போன தகப்பன்

வானொலி நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

இன்று ஓர் இத்தாலியப் படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெயர் ‘ஸ்தானோ தூத்தி பேனே’, அதாவது ‘எல்லாரும் நலம்’. 1990-இல் வெளிவந்தது. இயக்கியவர் ஜுசெப்பே தொர்னாத்தோரே. ‘சினிமா பாரடைசோ’ எடுத்தவர் என்றால் உங்களில் பலருக்குச் சட்டென்று நினைவு வரும்.

மத்தேயோ ஸ்கூரோ சிசிலித் தீவில் தனியாக வாழும் ஒரு முதியவர். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டாள், ஆனாலும் பக்கத்தில் இருப்பது போல அவளோடு பேசிக்கொண்டே இருப்பார். ஓபரா எனப்படும் இசை நாடகங்கள் என்றால் அவருக்கு உயிர். தோஸ்கா, நோர்மா, கானியோ, குல்யேல்மோ, அல்வாரோ என்று ஐந்து பிள்ளைகளுக்கும் ஓபரா பாத்திரங்களின் பெயரையே வைத்திருக்கிறார். ஐவரும் கடல் தாண்டிப் பெருநகரங்களுக்குப் போய்விட்டார்கள். இது அந்த வீட்டுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1950, 60-களில் இத்தாலியின் தெற்கிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் மிலான், டூரின் ஆலைகளை நம்பி வடக்கே போனார்கள். ஊரில் தங்கியவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள்தான்.

ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிழவர் ரயிலேறுகிறார். யாருக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நேப்பிள்ஸ், ரோம், புளோரன்ஸ், மிலான், டூரின் என்று ஊர் ஊராகப் போகிறார். ஐந்து பேரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஆனால் போகிற வீட்டிலெல்லாம் ஒரு நாடகம் நடக்கிறது. அரசியலில் பெரிய ஆள் என்று அவர் நம்பிய மகன் உண்மையில் அப்படி ஒன்றும் பெரிய ஆள் இல்லை. இசைக்குழுவில் இருக்கும் மகனுக்குக் கிடைத்திருப்பது பெரிய மேளம் மட்டும்தான். மகளின் இல்லறம் முறிந்துபோயிருக்கிறது. அப்பா கண்ணில் இவை படாமல் பார்த்துக்கொள்வதில் பிள்ளைகள் எல்லாரும் ஒற்றுமை.

இந்தக் கதையைச் சொல்லும்போது பெரும்பாலானவர்கள் பிள்ளைகளைத்தான் திட்டுவார்கள். பெற்றவரைக் கைவிட்டார்கள், பொய் சொன்னார்கள் என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பொய்களுக்கு விதை போட்டவர் மத்தேயோதான். ரயிலில் எதிரே யார் உட்கார்ந்தாலும் பிள்ளைகளின் புகைப்படத்தை எடுத்து நீட்டி, இவன் இப்படி, இவள் அப்படி என்று பெருமை பேசுகிறார். எல்லாரும் பெரிய ஆளாக வேண்டும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவர் அவர். தோற்றுப்போன பிள்ளை அந்த வீட்டுக்குள் எந்த வாசல் வழியாக வருவது? இன்னொரு காட்சி விந்தையும் நுட்பமும் நிறைந்தது. வளர்ந்த மகனோ மகளோ கதவைத் திறக்கும்போது, அவர் கண்ணுக்கு அவர்கள் சின்னஞ்சிறு குழந்தைகளாகவே தெரிகிறார்கள். அத்தனை தடிமனான கண்ணாடி போட்டிருந்தும், எதிரே நிற்கும் ஆளை அவரால் பார்க்க முடியவில்லை.

தொர்னாத்தோரேவும் சிசிலிக்காரர், பிறகு ரோமுக்குக் குடிபெயர்ந்தவர். கான் திரைப்பட விழாவில் இந்தப் படம் போட்டியிட்டபோது அவருக்கு வயது 33. வீட்டை விட்டுப் போன பிள்ளை எதையெல்லாம் மறைப்பான் என்று உள்ளிருந்து அறிந்தவர் எடுத்த படம் இது.

கிழவராக நடித்தவர் மார்செல்லோ மாஸ்த்ரோயானி. இத்தாலியத் திரையின் பேரழகன் என்று பெயரெடுத்தவர், வயோதிகத்தை அப்படியே முகத்தில் ஏற்றுக்கொண்டார். ஐவருக்காகவும் ஏற்பாடு செய்த விருந்துக்கு இரண்டு மகன்கள் மட்டும் வருகிறார்கள். அல்வாரோ உயிரோடு இல்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரியவருகிறது. எத்தனை முறை தொலைபேசியில் அழைத்தும் பதில் வராத அதே அல்வாரோ. அந்த இடத்தில் மாஸ்த்ரோயானியின் நடிப்பை வார்த்தையில் சொல்ல முயலமாட்டேன், நீங்களே பார்க்க வேண்டும்.

எல்லாம் தெரிந்த பிறகு ஊர் திரும்பி, மனைவியின் கல்லறை முன்னால் நின்று, “எல்லாரும் நலம்” என்கிறார். இதை அவருடைய தோல்வி என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நேசிக்கிறவளை நோகடிக்கக் கூடாது என்று பொய் சொல்கிறாரே, பிள்ளைகள் அவரிடம் செய்ததும் அதுதான். பயணம் முழுக்கக் கிட்டாத ஒன்று அங்கே கிட்டிவிடுகிறது. முதன்முறையாக அவர் பிள்ளைகளின் இடத்தில் நிற்கிறார். ஆனால் அல்வாரோவுக்கு அது எந்த விதத்திலும் உதவாது. படம் அதையும் மழுப்பவில்லை.

2009-இல் அமெரிக்காவில் ராபர்ட் டி நீரோ நடிக்க இதை மறுபடியும் எடுத்தார்கள். அதில் தகப்பன் தொலைபேசிக் கம்பிகளுக்கு உறை பூசும் தொழிலாளி. அவர் உறை பூசிய அதே வகைக் கம்பிகள் வழியாகத்தான் பிள்ளைகள் அவருக்குத் தெரியாமல் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். அருமையான கற்பனை அது. ஆனால் முடிவில் எல்லாரையும் பண்டிகை மேசையில் உட்காரவைத்து நம்மை ஆறுதல்படுத்திவிடுகிறார்கள். எனக்கு மூலப்படம்தான் பெரிது.

வாய்ப்புக் கிடைத்தால் 1990 படத்தை முதலில் பாருங்கள். அப்பாவோ பிள்ளைகளோ பக்கத்தில் இருந்தால், அவர்களையும் உட்காரச் சொல்லுங்கள். எந்த மகன் மேல், எந்த மகள் மேல் அவர்களுக்குக் கோபம் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வீடு பதில் வேறுபடும்.

வணக்கம்.