பந்தி பிரித்த சபை

அவையோருக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் நிறவெறி என்றதும், பூங்கா பெஞ்சில் எழுதி வைத்திருந்த ‘வெள்ளையர் மட்டும்’ பலகைதான் பலருக்கும் ஞாபகம் வரும். அந்தப் பலகைக்கு ரொம்ப காலம் முன்பே பிரிவினை வேறோர் இடத்தில் நுழைந்துவிட்டது. கோயிலில், அதாவது சர்ச்சில், அப்பமும் ஒரே கிண்ணத்து ரசமும் பகிர்கிற திருவிருந்துப் பந்தியில்.

அங்கே ஆதிக்கம் செலுத்தியது டச்சு சீர்திருத்தச் சபை. 1829-இல் அதன் சினாட், அதாவது முடிவெடுக்கும் பேரவை, ஒரு நல்ல தீர்மானம் போட்டது: நிறம் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே பந்தி, இது வேதம் சொல்வது, இதை மாற்றமுடியாது. சரியாக 28 வருஷம் கழித்து, 1857-இல், அதே சினாட் கூடியது. எல்லாரும் சேர்ந்திருப்பதுதான் வேதத்துக்கு ஏற்றது என்று அப்போதும் சொன்னார்கள். ஆனால் ‘சிலருடைய பலவீனத்தின் நிமித்தம்’ தனிக் கட்டடத்தில் ஆராதனை வைத்துக்கொள்ளலாம் என்று கூடவே ஒரு வரி சேர்த்தார்கள். யாருடைய பலவீனம்? வெள்ளையரல்லாதவரோடு ஒரே கிண்ணத்தில் வாய் வைக்க மனம் வராத வெள்ளையருடையது. பலவீனம் இவர்களுக்கு, வெளியே போகவேண்டியவர்கள் அவர்கள்! 1881-இல் அவர்களுக்கென்று தனிச் சபையே உருவாகிவிட்டது. சலுகையாக வந்தது வழக்கமாயிற்று, பிறகு வழக்கத்துக்கு வேதத்தில் ஆதாரம் தேடினார்கள். பாபேல் கோபுரக் கதையைக் காட்டி, இனங்களைப் பிரித்தது தேவன்தான் என்றார்கள். 1948-இல் நிறவெறியைக் கொள்கையாகவே அறிவித்து ஆட்சிக்கு வந்த மலான், ஒரு முன்னாள் போதகர்.

இதைக் கேட்டு நாம் ரொம்ப ஆச்சரியப்பட வேண்டாம். சாதிக்கொரு பக்கமாகச் சுவர் எழுப்பிய கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது.

வேதத்தை வைத்துக் கட்டியதை வேதத்தை வைத்தே இடிக்கவேண்டியிருந்தது. அதைச் செய்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் பெயர்ஸ் நோடே. ஆஃப்ரிகானர், அதாவது டச்சு வழிவந்த வெள்ளையர். ஆட்சியாளர்களைப் பின்னாலிருந்து இயக்கிய புரூடர்பாண்ட் என்ற ரகசியச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவருடைய அப்பாவும் ஒருவர். மகனும் அதில் உறுப்பினர், செல்வாக்குள்ள போதகர். 1960 மார்ச் 21-ஆம் தேதி ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டு 69 பேர் செத்தார்கள். அந்த டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்கின் காட்டஸ்லோவில் சபைகள் கூடி, நிறத்தைக் காட்டி எந்த விசுவாசியையும் எந்தக் கோயிலிலிருந்தும் தள்ளக்கூடாது என்று அறிவித்தன. பிரதமர் வெர்வூர்டுக்குக் கோபம். டச்சு சபையின் சினாட்டுகள் தங்கள் பிரதிநிதிகளையே கைவிட்டன. நோடே மட்டும் பின்வாங்கவில்லை. 1963-இல் கிறிஸ்தவ நிறுவனம் என்ற அமைப்பைத் தொடங்கினார். அதுவா, போதகர் பதவியா என்று சபை கேட்டது. “மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது” என்ற வசனத்தை எடுத்துப் பிரசங்கம் செய்துவிட்டு வெளியேறினார். 1977-இல் அரசு அவருக்குத் தடை விதித்தது. குடும்பத்தாரைத் தவிர, ஒரு நேரத்தில் ஒருவரோடுதான் அவர் பேசலாம். அவர் சொன்னதை யாரும் மேற்கோள் காட்டக்கூடாது. ஏழு வருஷம் அப்படி.

அப்புறம் 1985-இல் தென்னாப்பிரிக்கத் திருச்சபைகள் மன்றத்தின் பொதுச் செயலர் நாற்காலி காலியானது. நிறவெறியை எதிர்த்த கறுப்பின ஆங்கிலிக்கன் பிஷப் டெஸ்மண்ட் டுட்டு உட்கார்ந்திருந்த நாற்காலி. அதில் வந்து உட்கார்ந்தவர் இந்த நோடே.

இதற்கிடையில் 1881-இல் பிரித்து அனுப்பப்பட்ட அந்தச் சபை, 1982-இல் பெல்ஹார் என்ற ஊரில் ஒரு விசுவாச அறிக்கை எழுதியது. இனத்தின் பெயரால் சபையைப் பிரிப்பது சுவிசேஷத்துக்கே விரோதம் என்றது. டச்சு தாய்ச் சபை இன்றுவரை அதைத் தன் விசுவாச அறிக்கையாக ஏற்கவில்லை.

சரி, டுட்டுவுக்கு வருவோம். டுட்டு என்றால் சிரித்த முகம், எல்லா நிறத்தாரும் சேர்ந்த ‘வானவில் தேசம்’ என்று ஒரு காலண்டர் படம் நம்மிடம் இருக்கிறது. 1985 ஜூலையில் டுடூசா என்ற ஊரில் நடந்ததைக் கேளுங்கள். போலீஸ் பலிகொண்ட இளைஞர்களின் சவ அடக்கம். கூட்டம் ஒருவனைப் போலீஸ் உளவாளி என்று சொல்லிப் பிடித்து அடித்தது. அவன் கார் எரிந்துகொண்டிருக்கிறது, அவனையும் கொளுத்தப் போகிறார்கள். ஊதா அங்கியோடு டுட்டு உள்ளே புகுந்தார். கூட இருந்த பிஷப்புகள் கைகொடுக்க, ரத்தம் வழிந்த அந்த ஆளைக் காரில் ஏற்றி அனுப்பினார். அந்தக் கூட்டம் அவருடைய சொந்த ஜனம், அவர் பேசிய விடுதலைக்காகவே தெருவுக்கு வந்தவர்கள். சில நாட்களில் அதே ஊரில் ஓர் இளம்பெண்ணை அப்படித்தான் கொன்றார்கள். இது தொடர்ந்தால் நாட்டைவிட்டே போய்விடுவேன் என்று மேடையில் சொன்னார். கைதட்டல் வாங்க அப்படிப் பேச மாட்டார்கள்.

1990-இல் விடுதலை இயக்கங்கள் மீதிருந்த தடைகள் நீங்கி, மண்டேலா சிறையிலிருந்து வெளியே வந்தார். ஜெயிக்கப்போகிற அவருடைய கட்சியில் முதல் ஆளாகச் சேர எல்லாருக்கும் ஆசை வரும் நேரம். டுட்டு தலைமையிலான ஆங்கிலிக்கன் சபையோ, குருமார் எந்தக் கட்சியிலும் உறுப்பினராகக் கூடாது என்று சொன்னது. அன்று பல பாதிரிமார் அதற்காக வருத்தப்பட்டார்கள். இத்தனை வருஷம் போராடிவிட்டு இப்போது ஒதுங்குவதா என்றார்கள். எனக்கு அந்த முடிவு சரியாகத்தான் படுகிறது, ஏனென்றால் அதன் பலன் பின்னால் தெரிந்தது.

1994 ஏப்ரலில், 62 வயதில், டுட்டு வாழ்க்கையில் முதல்முறையாக ஓட்டுப் போட்டார். 2011-இல் அவருடைய 80-ஆவது பிறந்தநாளுக்கு வர தலாய் லாமாவுக்கு விசா கிடைக்கவில்லை. நிறவெறி அரசு விழ ஜெபித்ததுபோல உங்கள் அரசு விழவும் ஒருநாள் ஜெபிப்போம் என்று ஆளும் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸைப் பார்த்துச் சொன்னார். கிழவருக்கு என்ன கோபம் என்றார்கள். 2013-இல், ஏற்றத்தாழ்வையும் ஊழலையும் சொல்லி, இனி அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடமாட்டேன் என்று அறிவித்தார். எந்தக் கட்சியிலும் சேராமல் நின்றதன் பலன் இதுதான்.

நன்றி.