ஏட்டில் எழுதியவர் யார்?

(இலங்கை மலையகத்தின் ஹட்டனில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

இது என் அம்மாவின் பிறப்புப் பத்திரம். மடிப்பில் கிழிந்ததைச் சோற்றுப்பசை தடவி ஒட்டியிருக்கிறோம். பெயரைச் சிங்களத்தில் எழுதியவர், எழுத்தின் கீழே போடவேண்டிய உகரக் குறியை விட்டுவிட்டார். 'மு' 'ம' ஆகிவிட்டது. அடையாள அட்டையிலோ சரியாக இருக்கிறது. நாற்பது வருசம் தேயிலைக் கொழுந்தெடுத்தவர், சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த சேமலாப நிதியை வாங்கப் போனால், "இரண்டும் ஒரே ஆள்தானா?" என்கிறார்கள். சத்தியக் கடதாசியோடு மூன்று தடவை பஸ் ஏறினோம். துணைக்கு வந்த தங்கச்சிக்கு மூன்று நாள் பேர், அதாவது நாட்கூலி, இல்லாமல் போனது.

இப்படிக் கடதாசியை நம்ப இடம் கொடுப்பது 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம், 114ஆம் பிரிவு. அரச கருமங்கள் ஒழுங்காகவே நடந்தன என்று நீதிமன்றம் ஊகிக்கலாம் என்கிறது. ஊகிக்க'லாம்'. ஊகித்தே ஆகவேண்டும் என்று அங்கே எழுதவில்லை. நமக்குச் சட்டம் விட்டிருக்கும் வாசல் அந்த 'லாம்'தான்.

அரசாங்கக் கடதாசி ஒவ்வொன்றுக்கும் சாட்சி கேட்டால் எந்த வழக்கும் முடியாது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் செய்தி தோட்டத்தை நடத்தும் துரைக்குப் போகும், அங்கிருந்து பதிவாளருக்குப் போகும். பதிவாளர் தொட்டிலை எட்டிப் பார்த்ததில்லை. அன்றைக்கு அவர் பதிந்தார் என்று ஊகிக்கட்டும். அவர் காதுக்கு வந்து சேர்ந்ததும் சரிதான் என்று எதற்காக ஊகிக்கவேண்டும்?

ஏட்டில் இல்லாதது இன்னும் கொடுமை. 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தகப்பன் இங்கே பிறந்ததைக் காட்டு, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் பிறந்ததைக் காட்டு என்றது. லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்த பூட்டனுக்குப் பத்திரம் ஏது? கடதாசி இல்லாததால் பிறப்பே இல்லாமல் போயிற்று. நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களுக்கு வழி திறக்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது. இடையில் ஐம்பத்தைந்து வருசம்!

இங்கே சட்டம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறீர்கள். பத்திரத்தை எதிர்த்தரப்பு நீட்டினால் மூலப் பதிவேட்டைக் கேளுங்கள். தகவல் கொடுத்தவர் யார், பிறந்து எத்தனை நாள் கழித்து, எந்த மொழியில் சொன்னார் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அம்மாவின் பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்த மூன்று பேர், அதோ, முன்வரிசையில் இருக்கிறார்கள். அம்மாவைச் சின்ன வயசிலிருந்தே தெரிந்தவர்கள். அவர்களைக் கூட்டிவரட்டுமா என்று அன்றைக்கு அந்தச் சேமலாப நிதி மேசையில் கேட்டேன். "ஆட்கள் வேண்டாம், கடதாசி கொண்டு வாங்க" என்றார்கள்.